விரும்பிய வேளையில் தொலைக்காட்சி

ஒளிபரப்பு நேரத்திற்குக் காத்திராமல், விரும்பிய படத்தை விரும்பிய வேளையில் காணும் வசதி இன்று நம் நாட்டில் உண்டு. ஆயினும், ஜார்ஜ்டவுன் நகரத்தாருக்குக் கிட்டுவது நிபோங் திபால் வட்டாரத் தோட்டத்தாருக்கும் அப்படியே கிட்டுமா? மாதக் கட்டணத்திற்கு உடன்படுமுன் இதனை ஆராய்தல் நலம்.

பழைய அனலாக் ஒளிபரப்பு 2019-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடான மைஃப்ரீவியூ சேவையைச் சாதாரண ஏரியல் வழியே மாதக் கட்டணமின்றிப் பெறலாம். ஆனால் நிகழ்ச்சிகளை அட்டவணைப்படியே காண வேண்டும்.

1996-இல் தொடங்கிய அஸ்ட்ரோ, செயற்கைக்கோள் வழியே வருவது. வீட்டுக் கூரையிலுள்ள தட்டு அலைகளைப் பெறுமேயன்றி, நமது விருப்பத்தைத் திருப்பி அனுப்பாது. பதிவு வசதியுள்ள பெட்டியிருப்பின், இரப்பர் பால் வெட்டச் சென்ற வேளையில் ஒளிபரப்பான நிகழ்ச்சியை மாலையில் காணலாம். நிலையத்தின் படத் தொகுப்பிலிருந்து வேண்டியதைத் தேர்ந்தெடுக்கவோ இணைய இணைப்பு தேவை.

டெலிகோம் மலேசியாவின் யூனிஃபை டிவி, 2010-இல் ஹிப்டிவி என்னும் பெயரில் தோன்றியது. அது இணையத்தின் வழியே இயங்குவதால், நாம் விடுக்கும் கட்டளை நிலையத்தை அடைந்து, கேட்ட படம் திரும்பி வருகிறது.

ஆகவே, இருவழித் தொடர்பே இவ்வசதியின் உயிர்நாடி. உங்கள் லயத்திற்கு இணைய இணைப்பு வந்துள்ளதா, அஃதின்றி எவ்வெவ்வசதிகள் இயங்கும், ஒப்பந்தம் எத்தனை மாதத்திற்கு, இடையில் நிறுத்தினால் செலுத்த வேண்டிய தொகை யாது என முகவரிடம் கேட்டறியுங்கள். விடை தெளிந்தபின் கையொப்பமிடுங்கள். பயன்படாத வசதிக்கு, உழைத்தீட்டிய வெள்ளியை மாதந்தோறும் இழத்தல் வேண்டா.