கோடைக்கேற்ற தக்காளிக் கோசுமல்லி

வெயில் முதிரும் பங்குனி, சித்திரை மாதங்களில் அடுப்பருகே நிற்பதே பெரும்பாடு. அந்நாட்களுக்கென்றே அடுப்பை அதிகம் நாடாத கோசுமல்லியை நம் மூதாட்டியர் வழக்கில் வைத்திருந்தனர். வீட்டில் விளைந்த தக்காளியைக் கொண்டு அதனைச் செய்யும் முறையைப் பிற மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பாலக்காட்டின் கிழக்கெல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்களில் தமிழ் பேசும் உழவர் பலர் உளர். தக்காளி அவர்களுக்கு வயற்பயிர். இடுக்கி மாவட்டத்துக் காந்தளூர், வட்டவடைப் பகுதிகளிலோ பூண்டும் முட்டைக்கோசும் காரட்டும் மிகுதி. தக்காளியின் விலை வீழ்ந்தால் உழவருக்குப் பறிப்புக் கூலிகூட மிஞ்சாது. 2023 ஜூலையில் போலக் கிலோ நூறு ரூபாயைக் கடந்தால் வாங்குவோர் திகைப்பர். வீட்டில் நான்கு செடி இருப்பின், நம் அடுக்களைக்கேனும் அது சிறு காவலாகும்.

பாலக்காட்டில் மார்கழியில் நாற்று நட்டால் மாசி, பங்குனியில் கனி கிடைக்கும். தில்லி போன்ற வடபுலங்களில் குளிர் தணிந்தபின் நடுதல் நன்று. கடும் வெப்பத்தில் பூ உதிருமாதலால் காலந் தாழ்த்தலாகாது. நாள்தோறும் ஆறு மணி நேர வெயிலும், வேரில் சீரான ஈரமும் வேண்டும். காயவிட்டுப் பின் மிகுதியாக நீர் ஊற்றினால் பழம் வெடிக்கும்.

நன்கு செழித்த செடி, இலை பழுக்காமலே திடீரென வாடினால் அதன் தண்டை நறுக்கித் தெளிந்த நீரில் நிறுத்திப் பாருங்கள். பால் போன்ற கசிவு இழையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அச்செடியை வேரோடு அகற்றிவிட வேண்டும். அந்த மண்ணில் மீண்டும் தக்காளியோ கத்தரியோ மிளகாயோ நடலாகாது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் தந்த சக்தி, முக்தி, அனகா ஆகிய வகைகள் இந்நோயைத் தாங்குவன.

இனிக் கோசுமல்லிக்கு வருவோம். நால்வருக்கு, இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து வடித்துக்கொள்க. பழுத்தும் கெட்டியாக உள்ள நான்கு தக்காளியைக் கழுவி நறுக்குக. பாதி வெள்ளரிக்காய், நான்கு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், ஒரு பிடி தேங்காய்த் துருவல், கொத்துமல்லித் தழை ஆகியவற்றைச் சேர்க்கவும். ஒரு தேக்கரண்டித் தேங்காயெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுக. அரை மூடி எலுமிச்சையின் சாற்றையும் உப்பையும் இலையில் பரிமாறும் வேளையில்தான் கலக்க வேண்டும்.

உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுப்பதால், முன்கூட்டிச் சேர்த்தால் கோசுமல்லி சாறாகிவிடும். விதையைச் சுற்றியுள்ள கூழிலேதான் சுவை மிகுதி. அதனை வழித்தெறிய வேண்டா. தக்காளிக்குச் செந்நிறம் தரும் லைக்கோபீன் கொழுப்பில் கரைவது. எண்ணெயும் தேங்காயும் அதனை உடல் ஏற்க உதவும். பழத்தைக் குளிர்பெட்டியில் வைத்தால் மணம் குன்றும். நிழலில் வைத்தலே போதும். ஆனால் கலந்த கோசுமல்லி கோடையில் விரைவில் கெடும். அவ்வேளைக்கே உண்டு தீர்த்திடுக.

தென்னமெரிக்க மலைச்சரிவில் பிறந்த இச்செடி, நம் மணத்தக்காளியின் பெயரையே தானும் ஏற்று நம் வீட்டுப் பண்டமாயிற்று. எந்த ஊரிலும் வேர்கொள்ள அதற்கு வேண்டுவன ஒரு தொட்டி மண்ணும் சிறிது கவனமுமே.