எலி செத்தால் நிம்மதியா?

விருத்தாசலத்துப் பீங்கான் ஜாடியில் ஊறுகாய் போட்டு, வேடு கட்டி வைக்கும் சகோதரிகளே! இன்னொரு ஜாடியின் கதையையும் கேளுங்கள்.

1896-ல் பம்பாயில் புகுந்த பிளேக், கராச்சியையும் விடவில்லை. அங்கே 1898-ல் ஸீமோன் என்ற பிரெஞ்சு டாக்டர், பிளேக் கண்ட எலியொன்றைத் தெள்ளுப்பூச்சிகளோடு கண்ணாடி ஜாடிக்குள் விட்டார். நல்ல எலியொன்றைக் கம்பிக் கூண்டில் அடைத்து அதற்குள்ளேயே வைத்தார். இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. மறுநாள் நோயாளி எலி செத்தது. சில நாளில் கூண்டு எலியும் செத்தது! கம்பி இடுக்கில் நுழைந்து நோயைக் கொண்டு போனது தெள்ளுதான்.

இந்த வேலையில் பேர்போனது 'ஸெனாப்ஸில்லா' என்ற தெள்ளு இனம். எலியின் உடல் சில்லிட்டதும், சூடான இரத்தம் தேடி அது வெளியேறிவிடும். ஆகவே, செத்த எலியை வெறுங்கையால் தூக்காதீர்கள். எலிகள் தாமாகவே அடுத்தடுத்துச் செத்தால் சுகாதார அதிகாரிக்குச் சொல்லி அனுப்புங்கள். இன்று பிளேக்குக்கு நல்ல மருந்து உண்டு; ஆனால் காலதாமதம் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஊறுகாயைப் போலவே அரிசி பருப்பையும் மூடி வையுங்கள். எலிக்கு இரை இல்லையென்றால் தெள்ளுக்கு ஏது வீடு?