கோடைச் செலவு

'செலவு' என்னும் சொல்லைக் கேட்டவுடன் பணம் கையைவிட்டுப் போவதே இக்காலத்தார் நினைவிற்கு வருகின்றது. பண்டைத் தமிழிலோ அச்சொல் 'செல்லுதல்', அதாவது வழிப்பயணம் என்னும் பொருளிலும் பெருக வழங்கிற்று. ஓரிடத்தினின்றும் புறப்பட்டுச் செல்வது செலவு. திரும்பி வருவது வரவு. கணக்கேட்டிலும் இவ்விரு சொற்களே எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கின்றன. கோடை விடுமுறையில் சிறுவர்கள் மேற்கொள்ளும் பயணத்தையும் இக்கணக்கின்படி ஆராய்ந்து பார்த்தல் தகும். மலைநாடு சென்று மீண்ட சிறுவன் கொண்டு வந்தவை சில நிழற்படங்களும் ஒரு பொட்டலம் வர்க்கியும் மட்டுமாயின், அப்பயணத்தில் செலவு உண்டு, வரவு இல்லை. கண்ணும் கருத்தும் ஒருங்கே சென்றால்தான் வரவு மிகும்.

நீலகிரி மாவட்டத்தில் குந்தா வட்டத்தின் தலைமையிடமாக விளங்குவது மஞ்சூர். கோவையில் வாழும் குடும்பம் ஒன்று, தன் உறவினரைக் காணக் கோடையில் மஞ்சூருக்குச் செல்வதாகக் கொள்ளலாம். அக்குடும்பத்துச் சிறுவன் அடையக்கூடிய வரவு யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கோவையிலிருந்து மஞ்சூருக்குச் செல்லும் பாதைகளுள் ஒன்று காரமடை, வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை ஆகிய இடங்களின் வழியே ஏறுகின்றது. காரமடையை அடுத்துக் கறிவேப்பிலைத் தோட்டங்கள் மணம் வீசுகின்றன. அவற்றைக் கடந்தால் வாழையும் பாக்கும் நிழல் பரப்புகின்றன. பின்னர்க் காடு தொடங்குகின்றது. அக்காட்டினூடே 43 கொண்டை ஊசி வளைவுகளில் சாலை வளைந்து வளைந்து மேலே செல்கின்றது. மலைச்சரிவில் நேர்ப்பாதை அமைத்தால் ஊர்தி ஏற இயலாது. ஆகவே ஏறவேண்டிய உயரத்தை நெடுவழியில் சிறிது சிறிதாகப் பகிர்ந்து வைக்கின்றனர். மாடியேறும் படிக்கட்டு, நேரே நிறுத்திய ஏணியினும் நீளமாக இருப்பதும், ஏறுவதற்கு எளிதாக இருப்பதும் இக்காரணம் பற்றியே.

இப்பாதை யானைகள் நடமாடும் பாதையுமாகும். கன்றுடன் கூடிய யானைக்கூட்டம் சாலையில் நிற்குமாயின், ஊர்திகள் தொலைவிலேயே நின்று காத்திருத்தல் வேண்டும். ஒலியெழுப்பி விரட்டுவதும், அருகே சென்று நிழற்படம் எடுக்க முயல்வதும் பேதைமை. காடு யானையின் இல்லம். அங்குச் செல்பவர் விருந்தினர். வீட்டுக்குரியவர் வழிவிடும்வரை வாயிலில் காத்திருப்பது விருந்தினர்க்கு அழகன்றோ?

பாதை உயர உயரக் காற்றுக் குளிர்கின்றது. அப்போது கூர்ந்து நோக்கும் இயல்புடைய சிறுவனுக்கு ஓர் ஐயம் எழும். "அப்பா! மேலே செல்லச் செல்லக் கதிரவனுக்கு அருகில்தானே செல்கின்றோம்? வெப்பம் மிகாமல் குளிர் மிகுவது ஏன்?" என்று அவன் வினவுவான். "கதிரவன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளான், தம்பி! அத்தொலைவில் நாம் ஏறும் 2 கிலோமீட்டர் எம்மாத்திரம்?" என்று தந்தை விடையிறுப்பார்.

அவ்விடையின் விரிவு வருமாறு: கதிரவனின் ஒளி காற்றை நேரே மிகுதியாகச் சூடாக்குவதில்லை. அது நிலத்தைச் சூடாக்குகின்றது; சூடான நிலமே தன்னைத் தொட்ட காற்றைச் சூடாக்குகின்றது. அக்காற்று மேலெழும்பும்போது, மேலே காற்றழுத்தம் குறைவாதலின் விரிவடைகின்றது. விரிவடைவதால் வெப்பத்தை இழக்கின்றது. இவ்வாறு 1,000 மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் வெப்பம் குறையும். கோவை கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்திலும், உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இவ்வேறுபாட்டைக் கொண்டு கணக்கிட்டால், உதகை கோவையினும் ஏறத்தாழ 12 பாகை குளிர்ந்திருத்தல் வேண்டும் என்பது பெறப்படும். காற்றழுத்தம் குறைவதால் தண்ணீரும் அங்கே 100 பாகைக்கு முன்னரே, ஏறத்தாழ 92 அல்லது 93 பாகையிலேயே கொதித்துவிடும். மலையூரில் திறந்த பானையில் பருப்பு வேக நெடுநேரமாவதன் காரணம் இதுவே. அடுக்களையில் நிற்கும் அத்தையும் பள்ளியில் பயிலும் மருமகனும் ஒரே உண்மையை இருவேறு வழிகளில் அறிந்தவராவர்.

'மஞ்சு' என்பது மேகத்தைக் குறிக்கும் சொல். மஞ்சூர் அப்பெயருக்கு ஏற்றவாறே விளங்குகின்றது. இந்நேரம் கண்முன் நின்ற குன்று அடுத்த நொடியில் வெண்திரைக்குள் மறைகின்றது. சிறிது பொழுதில் மீண்டும் புலனாகின்றது. குன்றுகளின் மேல் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலைத் தோட்டங்கள் காணப்படும். அக்கம்பளத்தைப் புகழ்வோர் பலர். அதனைப் பேணுவோரை நினைப்போர் சிலரே. இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகப் பார்த்துப் பறிக்கவேண்டும். முற்றிய இலை கலந்தால் தேநீரின் சுவை கெடும். பறித்த இலையை வாட்டி, உருட்டி, நிறம் மாறும்வரை காற்றில் பரப்பி, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கின்றனர். பறிப்பவர் பெரும்பாலும் மகளிரே. மழையும் அட்டையும் பொருட்படுத்தாது சரிவில் நின்று அவர்கள் உழைக்கின்றனர்.

தொழிலாளர் குடும்பங்களுள் பலவற்றிற்கு ஒரு நெடிய வரலாறு உண்டு. 1964ஆம் ஆண்டு இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர் பல்லாயிரவர் கடல் கடந்து தாயகம் திரும்பினர். அவர்களுள் பலர் நீலகிரித் தோட்டங்களில் வாழ்வு தேடினர். அவர்களின் மறுவாழ்வு கருதித் தமிழ்நாட்டரசும் 1968ஆம் ஆண்டு முதல் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. காலையில் பருகும் ஒரு குவளைத் தேநீருக்குப் பின்னே இத்துணை உழைப்பும் வரலாறும் உள்ளன என்று உணர்வதும் சிறுவன் பெறும் வரவேயாகும்.

உறவினர் இல்லத்தில் தங்கும் நாள்களுள் ஒன்றைப் பகல் முகாமுக்கென ஒதுக்கலாம். காலையில் ஆசிரியர் ஒருவருடன் சென்று, மாலையில் இல்லம் திரும்புவது பகல் முகாம். சிறுவரைத் திறந்தவெளிக்கு அழைத்துச் சென்று பயிற்றும் முறைக்கு உலகெங்கும் ஊக்கம் அளித்தது சாரணர் இயக்கம். 1907ஆம் ஆண்டு பேடன் பவல் என்பார் இங்கிலாந்தில் பிரௌன்சீ என்னும் தீவில் ஏறத்தாழ 20 சிறுவரைக் கொண்டு நடத்திய முகாமே அவ்வியக்கத்தின் வித்து. செல்வர் வீட்டுச் சிறுவரும் உழைப்பாளர் வீட்டுச் சிறுவரும் அம்முகாமில் ஒன்றாய் உண்டு, ஒன்றாய் உறங்கினர். மஞ்சூரில் நிகழும் பகல் முகாமிலும் கோவைச் சிறுவனும், தோட்டத் தொழிலாளியின் மகளும், படகர் சிற்றூரிலிருந்து வரும் மாணவனும் ஒரே பாயில் அமர்ந்து கட்டுச்சோறு உண்பாராயின், அம்முகாமின் பயனில் பாதி அப்போதே கைவந்ததாகும்.

மற்றப் பாதி, காண்பதையும் செய்து பார்ப்பதையும் பொறுத்தது. இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அடியில் துளையிட்ட இரண்டு தகரப் பெட்டிகள் போதும். ஒன்றில் வெறும் மண்ணை நிரப்புக. மற்றொன்றில் மண்ணின்மேல் உதிர்ந்து மட்கிய இலைகளைப் பரப்புக. இரண்டையும் சற்றே சாய்த்து வைத்து, பூவாளியால் ஒரே அளவு நீரைத் தெளிக்குக. முதற்பெட்டியின் மேற்புறத்தில் நீர் ஓடி, மண்ணையும் கரைத்துக்கொண்டு கலங்கலாய் வழியும். இரண்டாம் பெட்டியில் நீர் மெல்ல உள்ளிறங்கும். தெளித்தல் நின்ற பின்னரும் அடித்துளையினின்று சொட்டுச் சொட்டாகத் தெளிந்து வடியும். பத்துப் பக்கங்களைப் படித்தும் விளங்காத உண்மையை இச்சிறு சோதனை பத்து நிமிடங்களில் விளக்கிவிடும்.

நீலகிரியின் உச்சிப் பகுதிகளில் இயற்கையன்னை இச்சோதனையைப் பேரளவில் நிகழ்த்துகின்றாள். அங்கே மடுக்களில் குட்டையான மரங்கள் செறிந்த சோலைகளும், அவற்றைச் சூழ்ந்து புல்வெளிகளும் உள்ளன. மரங்களின்மேல் பாசி படர்ந்திருக்கும். அடியில் இலைமட்கு மெத்தைபோல் கிடக்கும். மழை பொழியும்போது இவை நீரைத் தேக்கிக்கொள்கின்றன. மழை ஓய்ந்த பின்னர் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக வழங்குகின்றன. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடு மேய்வது இத்தகைய உயர்நிலப் புல்வெளிகளிலேயே. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து மலைச்சரிவுகளை நீலமாக்கும் குறிஞ்சி மலர்வதும் இத்தகைய புல்வெளிகளிலேயே. பழந்தமிழர் மலைநிலம் முழுமைக்கும் அம்மலரின் பெயரையே இட்டு வழங்கினர்.

சோலை தேக்கிய நீர் எங்கே செல்கின்றது? அதனை அறிய மஞ்சூரினும் தக்க இடம் அரிது. ஏனெனில் புகழ்பெற்ற குந்தா நீர்மின் திட்டம் இப்பகுதியில்தான் உள்ளது. நீலகிரியில் 1932ஆம் ஆண்டிலேயே பைக்காராவில் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினர். குந்தாத் திட்டமோ கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாட்டின் உதவியுடன் 1950களில் தொடங்கப்பெற்று, 1960களில் மின்சாரம் வழங்கலாயிற்று. பனியிலும் மழையிலும் மலையைக் குடைந்து நீர்வழி அமைத்த தொழிலாளரின் உழைப்பு அதனுள் அடங்கியுள்ளது.

இத்திட்டத்தில் நீர் படிப்படியாக இறங்கும் அழகே அழகு! மேல்பவானி அணையின் நீர் ஒரு மின்நிலையத்தின் சுழலியைச் சுழற்றிவிட்டு அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்களை அடைகின்றது. அங்கிருந்து இறங்கிக் குந்தாவில் இரண்டாம் முறை சுழலியைச் சுழற்றுகின்றது. பின்னர்க் கெத்தையில் மூன்றாம் முறை. பரளியில் நான்காம் முறை. இறுதியாகப் பில்லூரில் ஐந்தாம் முறை. ஒரே நீர் ஐந்து இடங்களில் உழைத்தும் தேய்வதில்லை. உயரத்தில் நிற்கும் நீரிடம் உறங்கும் ஆற்றல் விழும்போது விழித்தெழுகின்றது. அதனைச் சுழலி வாங்கி மின்சாரமாக மாற்றித் தருகின்றது. ஊர்தியில் தான் ஏறிவந்த அதே உயரத்தை நீர் இறங்கிச் செல்கின்றது என்று உணரும்போது சிறுவனின் உள்ளம் வியப்பினால் விரியும்.

அந்நீரின் செலவு அத்துடன் முடிவதில்லை. பில்லூரிலிருந்து கோவைப் பகுதிக்குக் குடிநீர் செல்கின்றது. எஞ்சியது பவானி ஆற்றில் மேட்டுப்பாளையத்தைக் கடந்து பவானிசாகர் அணையிற் புகுந்து, ஈரோட்டுப் பகுதி வயல்களை வளமாக்குகின்றது. பவானி நகரில் காவிரியோடு கலக்கின்றது. கோவையில் அச்சிறுவனின் வீட்டுக் குழாயில் ஒழுகும் நீரும், அவன் படிக்கும் விளக்கின் ஒளியும் மலைச்சோலைக்குக் கடன்பட்டவை. அவன் மஞ்சூருக்கு வருவதற்கு நெடுநாள் முன்னரே மஞ்சூர் மலை அவன் வீட்டிற்கு வந்துவிட்டது.

இதனை அறியாதார் மலைக்கு இழைக்கும் தீங்குகள் பல. ஓடையில் எறிந்த நெகிழிப் பை நெடுங்காலம் மட்குவதில்லை. உணவின் மணம் பற்றி அதனைத் தின்னும் கடமானும் காட்டுமாடும் நோயுற்று மடிகின்றன. உடைத்தெறிந்த கண்ணாடிப் புட்டி யானையின் உள்ளங்காலைக் கிழிக்கின்றது. கூட்டமும் அளவு கடந்தது. எனவே 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வரும் ஊர்திகள் முன்னரே மின்னணு அனுமதி பெறவேண்டும் என்னும் முறை, சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி நடைமுறைக்கு வந்தது. சட்டம் சாவடியில் நின்று தடுக்கும். அடர்காட்டினுள் தடுக்கவல்லது அவரவர் நெஞ்சமே. கொண்டு சென்ற பொருளின் உறையை மடித்துப் பையிலிட்டுத் திரும்பக் கொணரும் சிறுவன், யானைக்கும் ஆற்றுக்கும் ஒருங்கே நன்மை செய்தவனாகின்றான்.

மலைநாட்டுச் சிறுவர்க்கும் கோடைச் செலவு வேண்டும். பிறர் தம் ஊருக்கு வந்து மகிழ்வதையே பார்த்திருக்கும் அவர்கள், ஒருமுறையேனும் சமவெளிக்கு இறங்கி வருதல் நன்று. தேயிலைத் தோட்டத்துச் சிறுமி, பவானிசாகரின் விரிந்த நீர்ப்பரப்பையும், கால்வாய் பாயும் நெல்வயலையும் காணும்போது, தன் ஊர் ஓடை இத்துணைப் பேரை உண்பிக்கின்றதா என்று வியப்பாள். மலைமகளும் சமவெளி மகனும் ஒரே ஆற்றின் இரு முனைகளில் வாழ்பவர் என்பது அப்போது இருவர்க்கும் விளங்கும். மேல்முனையில் சோலை அழிந்தால் கீழ்முனையில் விளக்கு மங்கும். கீழ்முனையில் நீர் வீணானால் மேல்முனையின் ஈகை பாழாகும்.

விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும். "கோடையில் எங்கே சென்றாய்?" என்று ஆசிரியர் வினவுவார். ஊர்களின் பெயர்களை அடுக்கிச் சொல்வது செலவைக் கூறுதலாகும். கண்டதன் காரணத்தையும், கற்றதன் பயனையும், கடைப்பிடிக்கத் துணிந்த ஒரு நல்வழக்கத்தையும் சொல்வது வரவைக் கூறுதலாகும். மாலையில் விளக்கை ஏற்றும்போதும், குழாயை மூடும்போதும் தொலைவில் மஞ்சு தவழும் ஒரு மலையை நினைந்து நன்றி கூறும் உள்ளம் வாய்க்குமாயின், அச்சிறுவனின் கணக்கேட்டில் வரவே ஓங்கி நிற்கும்.