நோயன்று, ஆயினும் மறக்கத்தக்கதன்று

குருதியின் செந்நிறத்தை யாவரும் அறிவர்; அதன் நீர்ப்பகுதியிற் கரைந்துள்ள புரதங்களை அறிவார் சிலரே. அவற்றுட் கிருமிகளை எதிர்ப்பன பிறபொருளெதிரிகள். என்பு மச்சையிலுள்ள பிளாஸ்மாக் கலங்கள் அவற்றைப் பல வகையாக ஆக்குகின்றன. சிலரிடத்து ஒரே கலத்தின் வழிவந்த கூட்டம் பெருகி, ஒரே வகைப் புரதத்தை மிகுதியாகச் சுரக்கின்றது. இதனை வைத்தியர் 'எம் புரதம்' என்பர். புரதங்களை மின்னோட்டத்தாற் பிரிக்கும் சோதனையில் இது கூரிய சிகரம்போற் தனித்துத் தோன்றும். பெரும்பாலும் வேறொரு காரணம் பற்றிச் செய்த சோதனைகளின் தொடர்ச்சியாகவே இது வெளிப்படுகின்றது.

முற்காலத்து வைத்தியர் இந்நிலையைத் 'தீங்கற்றது' என்றனர். அமெரிக்காவின் மேயோ வைத்திய நிலையத்து ரொபேட் கைல், 241 பேரின் வரலாற்றை ஆராய்ந்து 1978இல் அச்சொல்லை நீக்கி, 'உட்பொருள் துணியப்படாதது' என்னும் பெயரை இட்டார். காரணம், அவர்களுட் சிலருக்குப் பின்னர் மைலோமா எனும் என்பு மச்சைப் புற்றுநோயோ, அதனையொத்த பிறிதொரு நோயோ தோன்றியமையே. அந்நாட்டின் ஒல்ம்ஸ்ரெட் மாவட்டத்தில் 50 வயது கடந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரிடம் இந்நிலை காணப்பட்டது. எனினும், இந்நிலையுடைய நூறு பேருள் ஓராண்டில் நோய்ப்படுபவர் ஏறத்தாழ ஒருவரே.

ஆகவே இதற்கு மருந்து வேண்டியதில்லை, கண்காணிப்பே வேண்டும். முதற் சோதனைக்கு ஆறு மாதத்தின் பின்னும், அதன்பின் பெரும்பாலும் ஆண்டுதோறும், எம் புரதத்தின் அளவு, ஈமோகுளோபின், கல்சியம், சிறுநீரகத்தின் செயல் ஆகியவை பார்க்கப்படும். அபாயம் மிகக் குறைந்தோர்க்கு வைத்தியர் இடைவெளியை நீட்டுவதும் உண்டு.

நோவில்லாதவர் வைத்தியசாலையை மறத்தல் இயல்பு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை மக்களுக்கு நகர்ப் பயணம் எளிதன்று. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையைப் பாதையிலேறியே கடந்தனர். இன்று வழி எளிதாயினும், வயல் வேலை நாளை விழுங்கிவிடுகின்றது. மாரி வெள்ளாமை வெட்டி முடிந்த காலத்தையே சோதனைக்குரிய காலமாக வகுத்துக்கொள்ளின் ஆண்டு தவறாது. பழைய சோதனைத் தாள்களையெல்லாம் ஒருங்கே கட்டி எடுத்துச் செல்லல் வேண்டும். ஓர் ஆண்டின் எண்ணைவிட, ஆண்டுக்காண்டு அது ஏறுகின்றதா என்பதே வைத்தியருக்குப் பெரிதும் துணையாகும்.

தீராத முதுகு அல்லது என்பு நோவு, காரணமற்ற சோர்வு, உடல் மெலிவு, அடிக்கடி வரும் காய்ச்சல், கை கால் விறைப்பு, நுரைத்த சிறுநீர் ஆகியவற்றுள் எது தோன்றினும் குறித்த நாள்வரை காத்திராது வைத்தியரை நாடுக. அச்சமும் வேண்டா, அசட்டையும் வேண்டா.