தரப்படுத்தலும் மன்னார் மாவட்டமும்

இனங்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வைக் குறைக்கவென்று அரசு வகுக்கும் கொள்கை யாரைச் சென்றடையும் என்பது, அது மக்களை எதைக் கொண்டு அளக்கிறது என்பதைப் பொறுத்தது; இதற்கு இலங்கையின் பல்கலைக்கழக அனுமதி முறையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. தமிழர் வழக்கில் 'தரப்படுத்தல்' என்ற ஒரே சொல்லுக்குள் இரு வேறு ஏற்பாடுகள் அடங்கிக் கிடக்கின்றன. யாழ்ப்பாணத்துக்கு இரண்டுமே இழப்பாக முடிந்தமையால் அவற்றைப் பிரித்துப் பார்க்கும் தேவை அங்கு அதிகம் எழவில்லை என்றாலும், மன்னாரிலிருந்து பார்ப்பவருக்கு அந்தப் பிரிப்பு இன்றியமையாதது.

முதலாவது, 1971ஆம் ஆண்டு அனுமதியில் புகுத்தப்பட்ட மொழிவாரித் தரப்படுத்தல். அவ்வாண்டு மருத்துவ பீடத்துக்குள் நுழையத் தமிழ்மொழி மூலம் எழுதியவருக்கு 250 புள்ளிகளும், சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 229 புள்ளிகளும் தேவைப்பட்டதை வரலாற்றாய்வாளர் சி. ஆர். டி சில்வா எடுத்துக்காட்டியுள்ளார். மாணவரின் ஊர், பாடசாலையின் வசதி, ஆய்வுகூடம் உண்டா இல்லையா என்பவை எதுவும் இதில் கணக்குக்கு வரவில்லை. ஆகவே யாழ்ப்பாண நகரத்துப் பெரிய கல்லூரி மாணவருக்கும், பேசாலையிலோ தலைமன்னாரிலோ வளர்ந்த கடற்றொழிலாளியின் பிள்ளைக்கும் உயர்த்தப்பட்ட அதே புள்ளியே விதிக்கப்பட்டது. பின்தங்கியோரைக் கைதூக்கிவிடுவதே நோக்கமென்றால், மொழியை அளவாகக் கொண்டது அந்நோக்கத்துக்கே மாறானது.

1974இல் வந்த மாவட்டக் கோட்டா வேறு வகையானது. இடங்களை மாவட்டங்களின் மக்கள்தொகைக்கேற்பப் பங்கிடும் இம்முறையும் சேர்ந்தபோது, அறிவியல் சார்ந்த துறைகளுக்கு அனுமதி பெற்றோரில் தமிழர் பங்கு 1970இல் இருந்த 35.3 சதவீதத்திலிருந்து 1974இல் 20.9 சதவீதமாகச் சரிந்தது. இளைஞர் அரசியலை அச்சரிவு எங்கே கொண்டு சென்றது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அதே கோட்டா, யாழ்ப்பாணத்தோடு போட்டியிட இயலாதிருந்த மன்னாருக்குத் தனிப் பங்கொன்றையும் ஒதுக்கியது. இன்றைய முறையில் பெரும்பாலான துறைகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டவாரியாகவும், எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. அப்பதினாறில் மன்னாரும் ஒன்று.

இனத்தைப் பெயர் சொல்லாமல் இடத்தைக் கொண்டு சமத்துவம் தேடும் இவ்வழி இலங்கைக்கு மட்டும் உரியதன்று. அனுமதியில் இனத்தைக் கருதலாகாது என்று 1996இல் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997இல் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் முதல் 10 சதவீதத்தினருக்கு அரசுப் பல்கலைக்கழக இடத்தை உறுதி செய்தது.

ஆனால் இடத்தை அளவாகக் கொள்ளும் கொள்கை, மக்கள் அந்த இடத்திலேயே இருப்பார்கள் என்று எண்ணிக்கொள்கிறது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்களில் மன்னார்த் தீவையும் முசலியையும் சேர்ந்த பெருந்தொகையினர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர்; அவர்களின் பிள்ளைகள் அங்கேயே படித்து வளர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற மாவட்டத்தின் பெயரிலான ஒதுக்கீட்டால் அப்பிள்ளைகளுக்கு என்ன பயன் கிடைத்தது என்பது ஆய்வாளர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

மாவட்டத்துக்குள்ளேயும் ஏற்றத்தாழ்வு உண்டு. மன்னார் நகரம், நானாட்டான், முசலி, மடு, மாந்தை மேற்கு என்று மன்னாரில் 5 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. மாவட்டக் கோட்டாவில் இந்த ஐந்துக்கும் சேர்த்து, ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒரே வெட்டுப்புள்ளிதான்.