நின்றுபோன ரெய்டு: எழுதும் முன் படியுங்கள்

லினக்ஸ் சர்வரில் ரெய்டு 5 நின்றுபோனதும், உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்போது எதுவும் போயிருக்காது. போவது அதற்குப் பிறகு, நம் கையால்தான். ரெய்டு 5 ஒரு டிஸ்க்கின் இழப்பைத் தாங்கும், இரண்டாவது போனால் நிற்கும். ஆனால் கெர்னல் ஒரு டிஸ்க்கை ‘ஃபெயில்டு’ என்று ஒதுக்கினால் அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. படிக்க முடியாத ஒரு செக்டரோடு சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு நிமிடத்துக்கு மேலும் மல்லுக்கட்டும். லினக்ஸ் வழக்கமாகப் பொறுப்பது 30 விநாடிதான். கழன்ற சாட்டா கேபிளும் திணறும் பவர் சப்ளையும்கூட நல்ல டிஸ்க்குக்கு இந்தப் பட்டத்தை வாங்கிக் கொடுத்துவிடும்.

உண்மை நிலை ஒவ்வொரு டிஸ்க்கிலும் சூப்பர்பிளாக் என்ற குறிப்புப் பகுதியில் பதிவாகியிருக்கிறது. லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஅட்ம் கருவியின் ‘எக்ஸாமின்’ கட்டளை அதைப் படித்துக் காட்டும், எதையும் எழுதாது. அதில் பார்க்க வேண்டியது ‘ஈவென்ட்ஸ்’ என்ற எண். ரெய்டின் நிலை மாறும்போதெல்லாம் அது கூடும். நான்கு டிஸ்க்குகளில் இரண்டில் 48210, ஒன்றில் 48207, மற்றொன்றில் 31500 என்று வைத்துக்கொள்வோம். கடைசி டிஸ்க் எப்போதோ விழுந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. (இது நாம் நினைப்பதைவிடச் சகஜம்.) 48207 கொஞ்சம்தான் பின்தங்கியிருக்கிறது, ‘அசெம்பிள்’ கட்டளையோடு ‘ஃபோர்ஸ்’ சேர்த்தால் முதல் மூன்றும் எழுந்துவிடும். கடைசி நேரத்தில் எழுதப்பட்ட சில கோப்புகள் சிதைந்திருக்கலாம், அவ்வளவுதான். நான்காவதை விட்டுவிட வேண்டும். அதில் இருப்பது பழைய கதை.

அசெம்பிளுக்குப் பதிலாக, ரெய்டைப் புதிதாக உருவாக்கும் ‘கிரியேட்’ கட்டளையைச் சிலர் நாடுவார்கள். ‘கிரியேட் போட்டேன், எல்லாம் திரும்ப வந்தது’ என்று சொல்பவர்கள் உண்டு. பொய்யில்லை. டிஸ்க்குகளின் வரிசை, சங்க் (தரவுத் துண்டு) அளவு, டேட்டா ஆஃப்செட் (தரவு தொடங்கும் இடம்) மூன்றும் பழையபடியே அமைந்தால் வரும். ஆனால் எம்டிஅட்ம் பழைய பதிப்புகளில் 64 கேபி சங்கைத் தானாக எடுத்துக்கொண்டது, பின்னர் அது 512 ஆனது. ஆஃப்செட்டும் பதிப்புக்குப் பதிப்பு மாறியது. சரியான விடை இருந்த பழைய சூப்பர்பிளாக்கின் மேலேயே கிரியேட் புதியதை எழுதிவிடும். ‘அஸ்யூம் கிளீன்’ சேர்க்க மறந்தால் ரெய்டு 5 உடனே மறுகட்டமைப்பைத் தொடங்கி ஒரு டிஸ்க்கை முழுதாக மேலெழுதும். நான்காவதைப் போலப் பின்தங்கிய டிஸ்க் ஒன்றும் மற்றவற்றோடு சேர்ந்திருந்தால், மேலெழுதப்பட்ட டிஸ்க்கில் இருந்தது சிதைந்துவிடும்.

எதையும் முயலும் முன் டிஸ்க்குகளை நகலெடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. அலுவலகம் காத்திருக்கும்போது அதற்கெல்லாம் நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் 4 டிபி டிஸ்க்கை டிடிரெஸ்க்யூ என்ற கருவி மூலம் நகலெடுக்க 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். செக்டர் கெட்ட டிஸ்க்குக்கு அதைத் தவிர்க்க முடியாது. கேபிள் கோளாறுதான் என்றால் ‘ஓவர்லே’ போதும்: படிப்பது டிஸ்க்கிலிருந்து, எழுதுவது தனிக் கோப்பில். ஊகம் தப்பினால் அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி முயலலாம். டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டால் மட்டும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

ரெய்டு ஒழுங்காக ஓடும்போதே எக்ஸாமின் தரும் விவரத்தை எடுத்து வேறொரு கணினியில் வைத்துவிடுங்கள். சில கேபிதான் இருக்கும்.