கல்லில் எழுதிய ஆனேக்கல் வரலாறு: காக்கும் பொறுப்பு யாருக்கு?

பெங்களூரின் தெற்கே, தமிழகத்தின் ஒசூரை ஒட்டி அமைந்துள்ளது ஆனேக்கல் வட்டம். கன்னடத்தில் ஆலங்கட்டியைக் குறிக்கும் சொல்லே ஊரின் பெயராயிற்று. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே எனத் தொழிற்பேட்டைகள் பெருகியுள்ள இவ்வட்டத்தின் கோயில் சுவர்களிலும் ஏரிக்கரைகளிலும் வயல்களிலும் காணப்படும் கல்வெட்டுகள் ஒரு மொழிக்கு மட்டும் உரியவை அல்ல. கன்னடமும் தமிழும் அருகருகே வாழ்ந்த காலத்தின் சான்றுகள் அவை. அச்சான்றுகளை எங்கே வைத்துக் காப்பது, யார் காப்பது என்பதே இன்றைய கேள்வி.

அருங்காட்சியகம் என்றதும் கண்ணாடிப் பெட்டிகளும் சிலைகளும் நினைவுக்கு வரும். ஆனேக்கல் போன்ற ஊர்களின் வரலாற்றுச் சேகரிப்போ திறந்தவெளியில் கிடக்கிறது. அதன் முதல் பட்டியல் 1905-இல் வெளியானது. மைசூர் சமஸ்தானத்தின் தொல்லியல் துறைக்குத் தலைமை வகித்த பெஞ்சமின் லூயிஸ் ரைஸ், 'எபிகிராபியா கர்நாடிகா' வரிசையின் ஒன்பதாம் தொகுதியைப் பெங்களூர் மாவட்டத்துக்கென ஒதுக்கினார். ஆனேக்கல் வட்டமும் இடம்பெற்ற அத்தொகுதியில் கன்னடக் கல்வெட்டுகளோடு தமிழ்க் கல்வெட்டுகளும் பதிவாயின.

வெங்களூர்ப் பெரிய ஏரி

கங்கர் நாடு பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் வசமாயிற்று. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின்னர், ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டைக் கைப்பற்றியதும் அங்கு சோழர் ஆட்சி முடிவுக்கு வந்தது. ஆயினும் தமிழ் எழுத்து அகலவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹொய்சள நாடு இரண்டாகப் பிரிந்தபோது தென்பகுதியை ஆண்ட ராமநாதனின் காலத்திலும் தமிழ்க் கல்வெட்டுகள் தொடர்ந்து பொறிக்கப்பட்டன. கன்னட அரச மரபினர் தமிழில் கொடை எழுதினர் என்பதை இன்றைய மொழி அரசியலின் கண்ணாடி வழியே பார்ப்போருக்கு நம்புவது கடினம்.

ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த பன்னேர்கட்டா சம்பகதாம சுவாமி கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. ஒசூர்ச் சாலையில் பெங்களூரை நெருங்கும்போது வரும் மடிவாளத்தின் சோமேசுவரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு, 'வெங்களூர்' பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் கொடையாக அளித்த செய்தியைக் கூறுகிறது. தோம்லூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வூரை 'தேசிமாணிக்கப்பட்டணம்' என்றும் அழைக்கின்றன.

இவற்றைக் காட்டிப் பெங்களூர் தமிழருடையது என்று வாதிடுவோர் உண்டு. ஆனால், பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள, கி.பி. 890-ஐ ஒட்டிய பழங்கன்னடக் கல்வெட்டு அதற்கும் முந்தையது. அங்கே 'பெங்களூரு' என்ற பெயர் ஒரு போரின் பெயரோடு சேர்ந்து வருகிறது. ஆகவே, ஒரு கல்லை மட்டும் காட்டி உரிமை கோரினால் மற்றொரு கல் அதை மறுக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஊரின் வரலாறு முழுமை பெறும்.

சோழ இளவரசனும் வேட்டை நாயும்

பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ள ஆதகூர் நடுகல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மண்டியா மாவட்டத்தின் ஆதகூரிலிருந்து கொண்டுவரப்பட்ட இக்கல்லில், காட்டுப்பன்றியோடு போரிட்டு மாண்ட காளி என்ற வேட்டை நாய் நினைவுகூரப்படுகிறது. சோழ இளவரசன் ராஜாதித்தன் 949-இல் தக்கோலப் போரில் மாண்ட செய்தியும் அதே கல்லில் உள்ளது. சோழர் வரலாற்றின் திருப்புமுனை ஒன்றுக்கான சான்று கன்னட எழுத்தில், பெங்களூரில் இருக்கிறது.

அந்த அருங்காட்சியகம் 1865-இல் தொடங்கப்பட்டது. அதை நிறுவ முன்னின்ற எட்வர்ட் பால்ஃபோர், சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளராகவும் இருந்தவர். இரு நகரங்களின் சேகரிப்புகளும் ஒருவர் கையில் தொடங்கின என்பது இன்று பலருக்கும் மறந்துபோன செய்தி.

நீதிமன்றம் தந்த ஆணை

கல்வெட்டுகளின் மைப்படிகள் குறித்த சர்ச்சை 2021-இல் நீதிமன்றத்தை எட்டியது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு மாற்றப்பட்டது. தமிழகத்தில் படியெடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான படிகளும் அங்கே சென்றன. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் ஆணையிட்டது.

தமிழ் ஆர்வலர்கள் வரவேற்ற ஆணை இது. ஆயினும், மைப்படியை இடம் மாற்றலாம்; கல்லை மாற்ற முடியாது. ஆனேக்கலின் தமிழ்க் கல்வெட்டு ஆனேக்கலில்தான் நிற்கிறது. அதைச் சாலை விரிவாக்கமோ வீட்டுமனைப் பிரிப்போ புதைத்துவிட்டால், எஞ்சுவது எங்கோ உள்ள காகிதப் படி மட்டுமே.

அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை இப்பொறுப்பைப் பகிர்ந்தளிக்கிறது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவையென அறிவிக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள் மத்திய அரசைச் சார்ந்தவை. ஏனைய பழமையான சின்னங்களும் மாநில அரசின் அருங்காட்சியகங்களும் மாநிலப் பட்டியலில் வருகின்றன. இரண்டு பட்டியல்களின் கவனத்திலும் படாமல் வயலோரத்தில் நிற்கும் கல்லுக்கு நடைமுறையில் ஊர் மக்களே காவலர்கள்.

மக்கள் முன்வந்தால்

அக்காவல் பலனளிக்கும் என்பதற்கும் சான்று உண்டு. ஏறத்தாழ கி.பி. 750-ஐச் சேர்ந்த கிட்டய்யாவின் நடுகல் 2018-இல் பெங்களூர் ஹெப்பாளில் கண்டறியப்பட்டது. பின்னர் அதற்குத் தனி மண்டபமும் எழுப்பப்பட்டது. 1909-இல் நிறுவப்பட்ட பெங்களூர் மிதிக் சொசைட்டி, 2021 முதல் நகரிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் வருடிப் பதிவு செய்து வருகிறது. கன்னடக் கல், தமிழ்க் கல் என்ற வேறுபாடு அப்பணியில் இல்லை.

தமிழகத்தில் கீழடி அகழாய்வுப் பொருள்கள், அகழாய்வு நடந்த இடத்தின் அருகிலேயே 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. கண்டெடுத்த மண்ணிலேயே காட்சிப்படுத்தும்போது அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு வரலாறு பாடப்புத்தகத்துக்கு வெளியிலும் கிடைக்கிறது. ஆனேக்கலுக்கும் அவ்வழி பொருந்தும். கோயிலில் உள்ள கல் கோயிலிலேயே இருக்கட்டும். அதன் படியும், முப்பரிமாண வடிவமும், கன்னடத்திலும் தமிழிலும் விளக்கமும் வட்டத் தலைநகரில் ஒரே கூடத்தில் கிடைக்க வேண்டும். சாலையோரத்தில் சாய்ந்து கிடக்கும் கற்களுக்கும் அங்கே இடமளிக்கலாம்.

திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த பின்னர், ஒசூர் சென்னை மாகாணத்தோடும் ஆனேக்கல் மைசூர் சமஸ்தானத்தோடும் நின்றன. எல்லைக்கோடு அவ்வாறு அமைந்தபோது, ஏரிக்கு நிலம் கொடுத்த செய்திகள் கல்லில் ஏறி ஐநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. காவிரி நீருக்காக இரு மாநிலங்களும் தில்லியில் வழக்காடிய ஆண்டுகளிலும் அக்கற்கள் அங்கேயே நின்றன. அவற்றைக் காக்க இரு மாநிலத் தொல்லியல் துறைகளும் ஒரு மேசையில் அமர நடுவர் மன்றம் எதுவும் தேவையில்லை.